செம்பு உருகிய ஊரின் மூச்சு

பல ஆண்டுகளுக்கு முன் நான் பங்குத்தந்தையாக இருந்த ஓர் ஊரின் மேற்கு எல்லையில் சுண்ணாம்புக் காளவாய்கள் வரிசையாக நின்றன. மாலையில் காற்று திரும்பினால் ஆலயப் பீடத்தின் விரிப்பிலும் வெண்தூசி படியும். காளவாய்த் தெருவில் ஒரு தாய்க்கு இரண்டு ஆண்மக்கள். மூத்தவன் நாளெல்லாம் அந்தப் புகையில் விளையாடியும் ஒரு தும்மல் அறியாதவன். இளையவனோ ஆண்டில் பாதி இரவுகளைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கழிப்பவன். ஒரு முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு சென்று திரும்பும் வழியில் அவள் என்னை நிறுத்தினாள்.

“சாமி, ரெண்டும் நான் பெத்த பிள்ளைகதான். ஒரே வீடு, ஒரே புகை. பெரியவனுக்கு ஒண்ணுமில்லை. சின்னவனுக்கு மட்டும் ஏன் இப்படி? நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா?”

அவளிடம் தப்பு எதுவுமில்லை, காளவாய்ப் புகைதான் காரணம் என்றேன். “அப்போ பெரியவனுக்கு ஏன் வரலை?” என்றாள். இறைவனின் திருவுளம் என்பதுபோல் எதையோ சொல்லிவிட்டு நடந்தேன். குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் படித்து வந்திருந்த எனக்கு அவ்விடை அன்று போதுமானதாகத் தோன்றிற்று. அவளுக்குப் போதவில்லை என்பதை அவள் முகமே சொன்னது.

அவள் கேட்ட கேள்வியையே வேறொரு நாட்டில் மருத்துவர்கள் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுக் காலம் கேட்டு, தவறான விடையிலிருந்து சரியான விடைக்கு மெல்ல மெல்ல நடந்து வந்த வரலாற்றைப் பின்னாளில் படிக்க நேர்ந்தது. அவ்வரலாறு நிகழ்ந்த இடம் கிழக்கு ஜெர்மனி; அதிலும் சிறப்பாக, செம்பு உருக்கிய ஒரு சிற்றூர்.

ஜெர்மனியின் நடுப்பகுதியில், ஹார்ஸ் மலைகளுக்குக் கிழக்கே மான்ஸ்ஃபெல்ட் என்றொரு நிலப்பரப்பு உண்டு. முதல் வெள்ளி பக்தியைப் போற்றும் நமக்கு இம்மண் முற்றிலும் அந்நியமன்று. இங்குள்ள ஹெல்ஃப்தா துறவு மடத்தில்தான் 13-ஆம் நூற்றாண்டில் புனித ஜெர்த்ரூது வாழ்ந்தார். 1261-இல், ஐந்து வயதுச் சிறுமியாக, அவர் அம்மடத்தில் ஒப்படைக்கப்பட்டார். அவரும் ஹாக்கெபோர்ன் மெக்தில்துவும் அடைந்த மறைபொருள் அனுபவங்கள், புனித மார்கரீத் மரியாவுக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே இயேசுவின் திரு இருதயத்தை நோக்கித் திருச்சபையின் பார்வையைத் திருப்பின. அம்மடத்தை அடுத்துள்ள ஐஸ்லெபென் ஊரில் 1483-இல் மார்ட்டின் லூத்தர் பிறந்தார். அடுத்த ஆண்டே அவருடைய குடும்பம் மான்ஸ்ஃபெல்டுக்குக் குடிபெயர்ந்தது, காரணம் செம்பு. அவருடைய தந்தை செம்பு உருக்கும் தொழிலில் ஈடுபட்டவர். மகனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய பணம் உலைக்களத்தில் கிடைத்த பணம்.

மான்ஸ்ஃபெல்டின் செம்பு, கரும்பலகை போன்ற மெல்லிய பாறைப் படிவத்தில் கிடைப்பது. படிவம் அவ்வளவு மெல்லியதாதலால் சுரங்கத் தொழிலாளர் பக்கவாட்டில் படுத்தபடியே அதை வெட்டினர். செம்போடு வெள்ளியும் ஈயமும் துத்தநாகமும் கந்தகமும் அப்பாறையில் கலந்திருந்தன. 1200-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய இத்தொழிலின் தொட்டிலாகக் கருதப்படும் ஊர் ஹெட்ஸ்டெட். சுரங்கத்தில் ஊறிய நீரை இறைப்பதற்காக, ஜேம்ஸ் வாட்டின் முறைப்படி ஜெர்மனியில் கட்டப்பட்ட முதல் நீராவி இயந்திரம் 1785-இல் இயங்கத் தொடங்கியதும் அவ்வூரில்தான். தமிழில் ‘ஆவி’ என்னும் ஒரே சொல் நீராவியையும் உயிர்மூச்சையும் தூய ஆவியாரையும் குறிக்கிறது. நீராவி அவ்வூருக்கு வேலை தந்தது. உலைப்புகை அவ்வூராரின் மூச்சில் கலந்தது.

1949-இல் இப்பகுதி பொதுவுடைமை ஆட்சிக்கு உட்பட்ட ஜெர்மன் மக்களாட்சிக் குடியரசாயிற்று. அந்நாட்டில் பெட்ரோலியம் மிகக் குறைவு. நல்ல நிலக்கரியும் மிகுதியாக இல்லை. இருந்ததெல்லாம் ஈரமும் கந்தகமும் மிகுந்த பழுப்பு நிலக்கரி. 1980-களின் நடுவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 30 கோடி டன் பழுப்பு நிலக்கரியைத் தோண்டி எரித்து, உலகிலேயே அதை மிகுதியாக வெட்டியெடுத்த நாடாக அது விளங்கிற்று. மின்நிலையங்களில் மட்டுமல்ல, வீட்டுக் கணப்பிலும் அதுவே எரிந்தது. குளிர்காலத்தில் லைப்சிக், ஹாலே நகரங்களின் மேல் மஞ்சள் கலந்த சாம்பல் நிறப் புகை நாள்கணக்கில் கலையாமல் நின்றது. வேதியியல் ஆலைகள் நிறைந்த பிட்டர்ஃபெல்டின் நிலை இன்னும் மோசம்.

மக்கள் இருமினர், காரணத்தை வெளிப்படையாகப் பேச வழியில்லை. 1982-இல் அந்நாட்டு அமைச்சரவை சுற்றுச்சூழல் பற்றிய அளவீடுகளை அரசு இரகசியமாக்கிற்று. எந்த ஊரில் காற்றில் எவ்வளவு கந்தகம், எவ்வளவு தூசி என்பதை அவ்வூரில் வாழ்ந்தவரே அறிய முடியாமற் போயிற்று. பிணியைவிட இது கொடிது என்று எனக்குத் தோன்றுகிறது. தன் வீட்டுக் கொடியில் உலர்த்திய துணி கறுப்பாவதைக் காணும் ஒரு பெண்ணிடம், அப்படி எதுவும் நிகழவில்லை என்று அரசு சாதித்தது. அந்நாளில் இதைப் பற்றிப் பேசக் கிடைத்த இடம் பெரும்பாலும் ஆலய வளாகமே. நம் பிரிந்த சகோதரரான லூத்தரன் சபையினர் விட்டன்பெர்க் நகரில் நடத்திய திருச்சபை ஆய்வகம் சூழல் பற்றிய கையேடுகளைச் சுற்றுக்கு விட்டது. பெர்லின் சீயோன் ஆலயத்தின் வளாகத்தில் 1986-இல் ஒரு சூழல் நூலகம் தொடங்கப்பட்டது; அடுத்த ஆண்டு நவம்பரில் இரகசியக் காவல்துறை அதனுள் புகுந்து சிலரைக் கைது செய்தது. பிட்டர்ஃபெல்டின் நிலையை மறைவாகப் படம்பிடித்த ஒரு சிறு குறும்படம் 1988-இல் மேற்கு ஜெர்மனித் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. லைப்சிக் புனித நிக்கோலாஸ் ஆலயத்தின் திங்கட்கிழமைச் செபக் கூட்டங்களிலிருந்து எழுந்த பேரணியில் 1989 அக்டோபர் 9-ஆம் நாள் ஏறத்தாழ 70,000 பேர் நடந்தனர். சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 9-ஆம் நாள் இரவு, பெர்லின் மதில் திறந்தது.

மதில் திறந்ததும் மேற்கிலிருந்து சென்றவருள் மருத்துவர்களும் இருந்தனர். மியூனிக் நகரின் குழந்தைநல மருத்துவர் எரிகா ஃபான் முட்டியஸ் அவர்களுள் ஒருவர். ஒரே மொழி, ஒரே குருதி வழி; ஆனால் நாற்பது ஆண்டுகளாக இருவேறு காற்றை உள்ளிழுத்த இரு மக்கள் கூட்டம்! ஆய்வாளர் எவரும் திட்டமிட்டு அமைக்க முடியாத சோதனையை வரலாறே அமைத்து வைத்திருந்தது. அவருடைய எதிர்பார்ப்பு, நம்முள் யாருக்கும் இருந்திருக்கக்கூடியதுதான்: புகை மிகுந்த கிழக்கில் ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் மிகுதியாக இருக்கும், தூய மேற்கில் குறைவாக இருக்கும். புகை கொல்லும் என்பதில் அன்று யாருக்கும் ஐயமில்லை. 1952 டிசம்பரில் ஐந்தே நாள் நீடித்த இலண்டன் புகைமூட்டத்தில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்று அப்போதே கணக்கிட்டிருந்தனர். பின்னர் வந்த கணக்குகள் அதனினும் கூடுதல்.

மியூனிக்கிலும், கிழக்கே லைப்சிக்கிலும் ஹாலேயிலும், ஒன்பது முதல் பதினொரு வயதுடைய பள்ளிப் பிள்ளைகள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆராயப்பட்டனர். முதற்கட்ட முடிவு 1992-இலும் விரிவான முடிவு 1994-இலும் வெளிவந்தன. எதிர்பார்த்ததில் ஒரு பாதி மெய்யாயிற்று: மார்ச்சளி என்னும் மூச்சுக்குழல் அழற்சி கிழக்கத்திய பிள்ளைகளிடம் ஏறத்தாழ இரு மடங்கு. மறுபாதி தலைகீழாயிற்று. மருத்துவர் ஆஸ்துமா என்று கண்டறிந்தது மேற்கிலேயே கூடுதல். மகரந்தத்தால் வரும் தும்மல் நோயும் மேற்கிலேயே பன்மடங்கு. தோலில் ஊசிமுனையால் கீறி ஒவ்வாமையைச் சோதித்தபோது மேற்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பிள்ளைகளுக்கும் கிழக்கில் 18 பிள்ளைகளுக்கும் தோல் தடித்தது. புகைக்கடியில் வளர்ந்த பிள்ளைகளிடம் ஒவ்வாமை பாதியளவே இருந்தது!

இவ்விடத்தில் எனக்கு யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. பிறவிப் பார்வையற்றவனைக் கண்ட சீடர்கள் ஆண்டவரிடம் கேட்டது, யாருடைய பாவம் இதற்குக் காரணம் என்பதே. துன்பம் ஒன்றைக் கண்டால் அதற்கு ஒரே ஒரு குற்றவாளியை உடனே கண்டுபிடித்துவிட வேண்டும் என்னும் வேட்கை மிகப் பழையது. காளவாய்த் தெருவில் நானும் அதையேதான் செய்தேன். ஃபான் முட்டியஸ் அவ்வாறு செய்யவில்லை. தம் கருத்துக்கு மாறாக வந்த எண்களை மறைக்காமலும் வளைக்காமலும் அச்சிட்டார். ஓர் அரசு ஆண்டுக்கணக்கில் எண்களைப் பூட்டி வைத்திருந்த அதே மண்ணில் இது நிகழ்ந்தது என்பதை எண்ணும்போது அதன் மதிப்பு இன்னும் உயர்கிறது.

அப்படியானால் புகை நல்லதா? அல்ல. விடையின் ஒரு பகுதி இலண்டனிலிருந்து வந்தது. மதில் திறந்த ஒன்பதாம் நாள், 1989 நவம்பர் 18 அன்று, டேவிட் ஸ்ட்ராகன் என்னும் ஆய்வாளர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டிருந்தார். பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட பிரித்தானியப் பிள்ளைகளின் வாழ்க்கைக் குறிப்புகளை ஆராய்ந்து, உடன்பிறந்தோர், சிறப்பாக மூத்தோர், மிகுதியாக உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மகரந்தத் தும்மல் குறைவு என்று காட்டினார். சிறுவயதில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் சளியும் காய்ச்சலும் உடலின் காவற்படைக்குப் பயிற்சியாகின்றன போலும் என்பது அவர் ஊகம். கிழக்கு ஜெர்மனியிலோ தாய்மார் வேலைக்குச் சென்றதால் பிள்ளைகள் தவழும் பருவத்திலேயே அரசுக் குழந்தைக் காப்பகங்களில் சேர்க்கப்பட்டனர்; ஒரு வீட்டுச் சளி பத்து வீட்டுச் சளியாயிற்று. சிறிய குடும்பங்களில், ஒரு வயது நிறைவதற்கு முன்பே காப்பகம் சென்ற பிள்ளைகளுக்குப் பின்னாளில் ஒவ்வாமை குறைவு என்று உர்சுலா கிரேமர் என்பவர் 1999-இல் காட்டினார். ஆக, கிழக்கத்திய பிள்ளைகளைக் காத்தது புகையன்று. வாழ்ந்த முறையில் இருந்த வேறு ஏதோ ஒன்று. அது எதுவென்று முழுமையாக வரையறுக்கும் முயற்சி இன்றளவும் தொடர்கிறது. பண்ணை வீடுகளில், மாட்டுத் தொழுவங்களின் அருகே வளரும் பிள்ளைகளிடமும் இத்தகைய பாதுகாப்பைப் பின்னர் கண்டனர்.

இங்கே ஒரு நுட்பமான தவறு காத்திருந்தது. கிழக்கையும் மேற்கையும் ஒப்பிடும்போது காற்று மட்டுமா மாறுபடுகிறது? உணவு, வீடு, குடும்பம், பள்ளி எல்லாமே மாறுபடுகின்றன. புகையின் பங்கை மட்டும் பிரித்தறிய வேண்டுமானால், வாழ்க்கை முறை ஒன்றாகவும் காற்று மட்டும் வேறாகவும் இருக்கும் ஊர்களை ஒப்பிட வேண்டும். யோவாகிம் ஹைன்ரிஷும் அவர்தம் குழுவினரும் செய்தது அதுவே. 1992-93-இல் அவர்கள் கிழக்கு ஜெர்மனியின் உள்ளேயே மூன்று பகுதிகளைத் தேர்ந்தனர். ஒன்று வேதியியல் ஆலைகளின் பிட்டர்ஃபெல்ட். மற்றொன்று நாம் மேலே கண்ட செம்பு ஊரான ஹெட்ஸ்டெட். மூன்றாவது, அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள, பெருந்தொழிற்சாலை இல்லாத செர்ப்ஸ்ட். உருசியப் பேரரசி இரண்டாம் கத்தரீனாவின் தந்தைவழிக் குடும்பத்தார் ஆண்ட அமைதியான பழம்பதி. ஐந்து முதல் பதினான்கு வயது வரையிலான 2,470 பள்ளிப் பிள்ளைகள் ஆராயப்பட்டனர். மேலே குறிப்பிட்ட கிரேமரின் ஆய்வும் இதே பகுதிகளின் பிள்ளைகளைப் பற்றியதுதான்.

அம்மூன்று பகுதிகளிலும் அதே காப்பகம், அதே பள்ளி, அதே ரொட்டி. ஆயினும் ஹெட்ஸ்டெட் பிள்ளைகளிடம், செர்ப்ஸ்ட் பிள்ளைகளைவிட, மருத்துவர் கண்டறிந்த ஒவ்வாமையும் தோல் படையும் மூச்சுக்குழல் அழற்சியும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருந்தன. மூச்சில் விசிலோசை, மூச்சுத் திணறல், சளி பிடிக்காமலே வரும் இருமல் ஆகியவை ஏறத்தாழ இரு மடங்கு. சுரங்கமும் செம்பு உருக்கும் தொழிலும் 1990-ஐ ஒட்டி நின்றுபோயிருந்த நிலையிலும் இது தெரிந்தது. எண்ணூறு ஆண்டுத் தொழில் ஓர் ஆண்டில் மண்ணை விட்டுப் போய்விடுவதில்லை. கழிவுப்பாறைக் குன்றுகள் கோபுரங்கள்போல் அங்கு இன்றும் நிற்கின்றன.

இது கணக்கு. கணக்கு ஒருபோதும் முழுச் சான்று ஆகாது. காற்றிலுள்ள தூசிதான் இதைச் செய்கிறது என்று எப்படி உறுதியாகச் சொல்வது? 1999-இல் இரு ஊர்களிலும் காற்றை வடிகட்டித் தூசியைச் சேகரித்தனர். கண்ணுக்குத் தெரியும் தூசியன்று அது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு மைக்ரான். இரண்டரை மைக்ரானுக்கும் சிறியவையான துகள்களே அவர்கள் நாடியவை. தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ இருபதில், முப்பதில் ஒரு பங்கு. பெரிய தூசியை மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் தடுத்துவிடும். இவையோ தடுப்பார் இன்றி நுரையீரலின் கடைசிக் கண்ணறை வரை இறங்குபவை. சோதித்தபோது ஹெட்ஸ்டெட் தூசியில் துத்தநாகம், ஈயம், செம்பு, காட்மியம் ஆகிய உலோகங்கள் செர்ப்ஸ்ட் தூசியைவிடப் பல மடங்கு இருந்தன. ஜெர்த்ரூது வாழ்ந்த காலத்திலேயே உலையிலிட்டு உருக்கிய அதே உலோகங்கள்.

அத்தூசி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வட கரோலினா ஆய்வகத்தை அடைந்தது. அங்கு ஸ்டீஃபன் கேவெட் என்பவரும் அவர் குழுவினரும், ஹைன்ரிஷையும் உடன் சேர்த்துக்கொண்டு, சுண்டெலிகளின் நுரையீரலில் அதைச் செலுத்திப் பார்த்தனர். 2003-இல் வெளியான அவர்களுடைய முடிவை நான் இருமுறை படித்தேன். ஒவ்வாமை இல்லாத எலிகளின் மூச்சுக்குழல்களை எந்த ஊர்த் தூசியும் சுருங்கத் துடிப்பவையாக மாற்றவில்லை. முட்டை வெண்கருவின் புரதத்துக்கு முன்னமே ஒவ்வாமை ஏற்படுத்தப்பட்டிருந்த எலிகளிலோ நிலைமை வேறு. ஹெட்ஸ்டெட் தூசியைப் பெற்றபின் அப்புரதத்தைச் சுவாசிக்க நேர்ந்தபோது, அவற்றின் மூச்சுக்குழல்கள் இன்னும் கடுமையாகச் சுருங்கின. செர்ப்ஸ்ட் தூசி அவ்வாறு செய்யவில்லை. ஒரே எடைத் தூசி. உலோகம் வேறு, விளைவு வேறு. அடுத்த ஆண்டு ஜெர்மனியிலேயே, இசைவு தந்த உடல்நலமுள்ள 12 பேரின் நுரையீரலின் ஒரு சிறு பகுதியில் இரு ஊர்த் தூசிகளையும் செலுத்திப் பார்த்தபோதும் ஹெட்ஸ்டெட் தூசியே மிகுந்த அழற்சியை எழுப்பிற்று.

உள்ளே நிகழ்வதை எளிய சொற்களில் கூற முயல்கிறேன். நம் உடலில் ஒரு காவற்படை உண்டு. சிலருடைய உடலில் அப்படை, தீங்கற்ற மகரந்தத்தையோ படுக்கையில் வாழும் சிறு பூச்சியின் கழிவையோ பகைவன் என்று தவறாகக் குறித்துக்கொள்கிறது. அக்குறிப்பைச் சுமக்கும் புரதத்துக்கு ‘ஐஜிஇ’ என்று பெயர். 1960-களின் பிற்பகுதியில்தான் அதை இனங்கண்டனர். அப்பொருள் மறுமுறை உள்ளே வரும்போது அழைப்பு மணி ஒலிக்கிறது. வெள்ளணுக்களில் ஒரு வகை திரள்கிறது. மூச்சுக்குழலின் உட்சுவர் வீங்குகிறது. சுற்றியுள்ள தசை இறுகுகிறது. இதுவே இளைப்பு. இந்நிலையில் வரும் உலோகத் துகள் இரண்டு காரியங்களைச் செய்கிறது. செம்பு முதலியவை ஈரத்தில் கரைந்து, இரும்பைத் துரு தின்பதுபோல், உயிரணுக்களை ஆக்சிஜன் வழியாகவே அரிக்கும் பொருள்களை உண்டாக்குகின்றன. உட்சுவரின் காப்பு தளர்கிறது. அத்துடன், காவற்படையின் காதில் பகைமையை ஊதி, ‘ஐஜிஇ’ உருவாவதையும் தூண்டக்கூடும். டீசல் புகைத்துகளுக்கு இவ்வாற்றல் உண்டு என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1986-ஆம் ஆண்டிலேயே எலிகளில் காட்டியிருந்தனர். ஒரு வீட்டில் பகையே இல்லையென்றால் கோள் சொல்பவனால் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. உள்ளே பகை புகைந்துகொண்டிருக்கும் வீட்டில் அவன் ஒரு சொல் போதும்.

காளவாய்த் தெருத் தாய்க்கு நான் தந்திருக்க வேண்டிய விடை இவ்வெலிகளிடம் இருந்தது. சுண்ணாம்புத் தூசியும் செம்புத் தூசியும் ஒன்றல்ல என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும் அவள் கேள்வியின் முடிச்சு அவிழ்வது இங்கேதான். மூத்தவன் புகையை வென்றவனல்லன். புகை வந்து தட்டிய கதவுக்குப் பின்னால் அவனிடம் ஒவ்வாமை காத்திருக்கவில்லை, அவ்வளவே. இளையவனிடம் அது இருந்திருக்கக்கூடும். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளிலும் ஒருவனுக்கு அவ்வியல்பு வாய்ப்பதும் மற்றவனுக்கு வாய்க்காததும் யாருடைய குற்றமும் அன்று. அதற்காகப் புகையிட்டவன் பொறுப்பிலிருந்து தப்பிவிடவும் முடியாது. புகை இல்லாதிருந்தால் அச்சிறுவனின் பல இரவுகள் உறக்கத்தில் கழிந்திருக்கும். இவ்விரண்டையும் சேர்த்தே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் சுமந்த குற்றவுணர்வுக்கு என் ‘திருவுளம்’ மருந்தாகவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

கிழக்கு ஜெர்மனியின் வரலாறு இத்துடன் முடியவில்லை. ஆலைகள் மூடப்பட்டன, பழுப்பு நிலக்கரிக் கணப்புகள் அகன்றன, காற்று வியக்கத்தக்க வேகத்தில் தெளிந்தது. மேற்சொன்ன பகுதிகளில் 1991-க்கும் 1998-க்கும் இடையில் காற்றிலிருந்த மொத்தத் தூசி கன மீட்டருக்கு 79 மைக்ரோகிராமிலிருந்து 25-க்கும், கந்தக டை ஆக்சைடு 113-இலிருந்து 6-க்கும் இறங்கின. பிள்ளைகளின் மூச்சுக்குழல் அழற்சி குறைந்தது. நுரையீரலின் கொள்திறன் மேம்பட்டது. ஒவ்வாமை மட்டும் குறையவில்லை; ஏறிற்று. லைப்சிக்கில் 1995-96-இல் மீண்டும் சோதித்தபோது மகரந்தத் தும்மல் நூற்றுக்கு 2.3-இலிருந்து 5.1 ஆகவும், தோல் சோதனையில் ஒவ்வாமை 19.3-இலிருந்து 26.7 ஆகவும் உயர்ந்திருந்தன. மேற்கின் வாழ்க்கை கிழக்கே வந்தது. அதனுடன் அதன் நோயும் வந்தது.

காற்றுங்கூட வேறு வகையில் மாறியிருந்தது. புகைக்கூண்டு போன இடத்துக்கு மகிழுந்து வந்தது. எர்ஃபுர்ட் நகரில் தொடர்ந்து அளந்தவர்கள், துகள்களின் மொத்த எடை குறைந்துகொண்டே வர, மிகமிக நுண்ணிய துகள்களின் எண்ணிக்கை உயர்ந்ததைக் கண்டனர். தராசில் குறைந்தது, எண்ணினால் கூடிற்று. மேற்கே மியூனிக்கிலும் மெய் வேறொன்றாக இருக்கவில்லை. அங்கு பிறந்தது முதல் ஆறு வயது வரை பின்தொடரப்பட்ட ஆயிரக்கணக்கான குழந்தைகளுள், போக்குவரத்து மிகுந்த சாலைக்கு 50 மீட்டருக்குள் வாழ்ந்தோரிடம் ஒவ்வாமை நோய்கள் கூடுதல் என்று 2008-இல் ஓர் ஆய்வு காட்டிற்று. ‘தூய மேற்கு’ என்று நம்பப்பட்டதில் கண்ணுக்குத் தெரியாத புகை முன்பே இருந்தது. கிழக்கின் புகை கரியது, கனத்தது, எல்லாரையும் இருமவைத்தது. மேற்கின் புகை மெல்லியது, கோள் சொல்வது, தனக்கு இடம் தரும் உடலைத் தேடிப் பிடிப்பது.

இதை எழுதும்போது நம் ஆலயத்துக்குள்ளும் பார்வை போகிறது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் ஓர் ஆலயத்தின் காற்றை அளந்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், மெழுகுதிரியும் தூபமும் எரிந்தபின் உள்ளே இருந்த நுண்துகள் ஐரோப்பிய வரம்பைப் பல மடங்கு தாண்டியிருந்தது. ஆசீர் வேளையில் சாம்பிராணிப் புகை எழும்போது முன்வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போவதைப் பீடத்திலிருந்து நான் பலமுறை கண்டிருக்கிறேன். பக்திக் குறைவு என்றே நெடுநாள் எண்ணினேன். தூபத்தை நிறுத்திவிடச் சொல்லவில்லை. எங்கள் ஆலயத்தில் இப்போது தூபக்கலசத்தில் பாதியளவே இடுகிறோம்; பக்கக் கதவுகளை முதலிலேயே திறந்து வைக்கிறோம். தேர்த்திருவிழாவின் வாணவேடிக்கைதான் எனக்கு இன்னும் தீராத தலைவலி. வானில் விரியும் நீலத்துக்குச் செம்பும் பச்சைக்குப் பேரியமும் சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியமும் சேர்க்கப்படுகின்றன. உலோகத் துகள் என்றால் என்னவென்று ஹெட்ஸ்டெட் கதையைப் பங்குப் பேரவையில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு, பக்கத்துப் பங்கில் எத்தனை மணி நேரம் வெடிக்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேச்சு திரும்பிவிட்டது.

ஹெட்ஸ்டெட்டிலிருந்து ஹெல்ஃப்தா இருபது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவு. 16-ஆம் நூற்றாண்டில் மூடப்பட்ட அம்மடம் பின்னாளில் வேளாண் பண்ணையாகி, பொதுவுடைமை ஆட்சியில் இடிபாடாகக் கிடந்தது. ஹெட்ஸ்டெட்டில் தூசி சேகரித்த அதே 1999-ஆம் ஆண்டில், பவேரியாவிலிருந்து வந்த சிஸ்டெர்சியன் அருட்சகோதரிகள் அங்கு மீண்டும் குடியேறினர். ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், செம்பு உலைகள் அணைந்துவிட்ட அந்த மண்ணில், நாளுக்குப் பன்முறை எழும் புகழ்ச்செபங்களை அவர்கள் அவ்வாண்டு பாடத் தொடங்கினர்.